டம்ளர் ஏன் ஒழுகுகிறது? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தண்ணீர், எண்ணெய், காபி. போன இதழில் மண்பானை பற்றி எழுதும்போது, பானையின் நுண்துளைகளில் தண்ணீர் தானாகவே ஊர்ந்து வெளியே வருகிறது என்று ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கேள்வி. சரி, எல்லாவற்றையும் ஒன்றாகவே பார்த்துவிடுவோம்.

கே: டம்ளரிலிருந்து டபராவுக்குக் காபியை மெதுவாகச் சாய்த்தால் பாதி டம்ளரின் வெளிப்பக்கமாக வழிந்து மேஜையில் கொட்டுகிறது. வேகமாகச் சாய்த்தால் ஒழுங்காக விழுகிறது. என் கைப்பழக்கம் சரியில்லை என்கிறார் மாமியார். யார் பக்கம் நியாயம்? (வாசகி, கும்பகோணம்)

ப: பாதி நியாயம் மாமியார் பக்கம். மீதி டம்ளர் பக்கம்.

ஒரு திரவத்தின் மூலக்கூறுகளுக்கு இரண்டு வகை உறவு. தன் இனத்தோடு இருக்கும் ஈர்ப்பு ஒன்று, அதை ஓரினக் கவர்ச்சி என்பார்கள். பக்கத்தில் இருக்கும் பாத்திரம், துணி, இலை, சுவர் இவற்றோடு இருக்கும் ஈர்ப்பு இன்னொன்று, அது வேறினக் கவர்ச்சி. பரீட்சை எழுதுகிறவர்கள் இந்தப் பெயர்களை வைத்துக்கொள்ளட்டும், நான் பங்காளி, சம்பந்தி என்றே சொல்லிக்கொள்கிறேன். (திரவத்தின் பங்காளிகள் நம்மூர்ப் பங்காளிகளைப் போல வரப்புக்குச் சண்டை போடுகிறவர்கள் இல்லை, ஒருவரை ஒருவர் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்கள்.) பங்காளி இழுப்பு ஓங்கினால் திரவம் உருண்டு திரண்டு நிற்கும், தாமரை இலைத் தண்ணீர் மாதிரி. சம்பந்தி இழுப்பு ஓங்கினால் பரவி ஒட்டிக்கொள்ளும்.

நன்றாகத் தேய்த்துக் கழுவிய எவர்சில்வர்மேல் காபிக்கு நல்ல ஒட்டுதல். பால் கலந்திருப்பதால் வெறும் தண்ணீரைவிட அதற்குப் பங்காளி இழுப்பும் குறைவு. வேகமாகச் சாய்க்கும்போது ஓடுகிற வேகமே அதை விளிம்பிலிருந்து பிய்த்துக்கொண்டு போய்விடும். மெதுவாகச் சாய்த்தால் அந்த வேகம் இல்லை, காபி விளிம்பைச் சுற்றி வளைந்து டம்ளரின் முதுகைப் பிடித்துக்கொள்கிறது.

இதற்கு 'தேநீர்க் கெண்டி விளைவு' என்று 1956ல் பெயர் வைத்தவர் மார்க்கஸ் ரெய்னர் என்ற இஸ்ரேலிய அறிவியலாளர். ஒட்டுதல் மட்டுமே குற்றவாளி இல்லை என்று அடுத்த ஆண்டே ஜோசப் கெல்லர் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் எழுதினார்: வளைந்து திரும்பும் திரவத்தில், விளிம்பை ஒட்டிய பக்கம் அழுத்தம் குறைந்துவிடும், வெளியே இருக்கும் காற்று அதை டம்ளரோடு சேர்த்து அழுத்தும். அப்புறம் 2010ல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் விளிம்பில் நீர் ஒட்டாத ஒரு பூச்சைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒழுகுவது நின்றுவிட்டது. ஆக, சம்பந்தியும் கூட்டுக் குற்றவாளிதான்.

உங்களுக்கு ஆராய்ச்சிக்கூடப் பூச்சு வேண்டாம். விரல்நுனியில் துளி வெண்ணெய் எடுத்து, ஊற்றும் பக்கத்து விளிம்பின் வெளிப்புறம் தடவினால் போதும். டம்ளரைத் தளும்பத் தளும்ப நிரப்பாமல் இருப்பதும் உதவும், தளும்பும் டம்ளரைக் கொஞ்சமாகத்தான் சாய்க்க முடியும், மெதுவாகத்தான் சாய்ப்போம், வழியத்தான் செய்யும். விளிம்பு வெளிப்பக்கம் மடிந்து மெல்லிதாக முடியும் பழைய டம்ளர் கிடைத்தால் இன்னும் நல்லது. பரண்மேல் மாமியார் காலத்து டம்ளர் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், சமாதானத்துக்கும் ஒரு வழியாக இருக்கும்.

கே: மெல்லிய கண்ணாடிக் குழாயில் தண்ணீர் தானாக ஏறும் என்று படித்திருக்கிறேன், எங்கள் பாடத்தில் மயிர்த்துளை எழுகை என்று பெயர். அப்படியென்றால் 3 செ.மீ. ஏறும் குழாயை 2 செ.மீ.யில் வெட்டிவிட்டால் தண்ணீர் மேலே வந்து வழிந்துகொண்டே இருக்க வேண்டும் அல்லவா? அதில் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றினால் செலவில்லாத மின்சாரம். இதை ஏன் யாரும் செய்யவில்லை? (மாணவர், யாழ்ப்பாணம்)

ப: தம்பி, இந்த ஆசை உங்களுக்கு முன்னால் நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் நுண்புழை ஏற்றம் என்பதும் நீங்கள் சொல்லும் மயிர்த்துளை எழுகையும் ஒன்றேதான்.

கணக்கு சரி. உள்விட்டம் 1 மி.மீ. உள்ள சுத்தமான கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஏறக்குறைய 3 செ.மீ. ஏறும், 0.1 மி.மீ. என்றால் 30 செ.மீ. ஆனால் அது ஏன் ஏறியது என்று பாருங்கள். மேலே இன்னும் நனையாத கண்ணாடி இருக்கிறது, ஓரத்துத் தண்ணீர் அதைப் பிடித்து ஏறுகிறது, நடுவில் உள்ளதைப் பங்காளி இழுப்பு பின்னாலேயே கூட்டிக்கொண்டு போகிறது. குழாயை 2 செ.மீ.யில் வெட்டிவிட்டால் அதற்குமேல் பிடிக்கக் கண்ணாடி இல்லை. குழிந்திருந்த நீர்ப்பரப்பு அங்கே கொஞ்சம் தட்டையாகி, 2 செ.மீ. எடையைத் தாங்க எவ்வளவு குழிவு தேவையோ அவ்வளவோடு நின்றுவிடும். வழிந்து ஒரு சொட்டு விழவேண்டுமென்றால் அது கண்ணாடியை விட்டுப் பிரிய வேண்டும். ஏற்றிவிட்ட அதே கை விடமாட்டேன் என்கிறது.

விளக்குத் திரியில் மட்டும் எண்ணெய் நாள் முழுக்க ஏறுகிறதே என்று அடுத்து கேட்பீர்கள். அங்கே மேலே வந்த எண்ணெயைத் தீ எரித்துக் காலி செய்துகொண்டே இருக்கிறது, இடம் காலியாவதால் கீழிருந்து வருகிறது. எண்ணெய் தீர்ந்தால் கணக்கும் தீர்ந்தது. இலவசம் அங்கேயும் இல்லை.

கே: கிணற்றில் தண்ணீர் 25 அடிக்குக் கீழே போய்விட்டால் மேலே வைத்த மோட்டார் இழுக்க மாட்டேன் என்கிறது. பக்கத்தில் நிற்கும் தென்னை மோட்டாரே இல்லாமல் 60 அடிக்கு ஏற்றுகிறது. இதென்ன அநியாயம்? (விவசாயி, பொள்ளாச்சி)

ப: இந்த மாதத்தின் நல்ல கேள்வி இதுதான். எனக்கும் பல வருஷம் தப்பான பதில்தான் தெரியும், "நுண்புழை ஏற்றத்தால்" என்று பள்ளியில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அது போதாது. மரத்துக்குள் இருக்கும் நீர்க்குழாய் 0.1 மி.மீ. அகலம் என்று வைத்தாலும், மேலே தம்பிக்குச் சொன்ன கணக்குப்படி ஏறுவது ஓரடிதான்.

முதலில் மோட்டார். அது தண்ணீரை இழுப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது குழாய்க்குள் காற்றைக் குறைக்கிறது, வெளியே இருக்கும் காற்றழுத்தம் கிணற்று நீரைக் குழாய்க்குள் தள்ளிவிடுகிறது. முழு வெற்றிடம் உண்டாக்கினாலும் காற்றுக்குத் தள்ளும் சக்தி 10.3 மீட்டர், அதாவது 34 அடிதான். குழாய் உராய்வு, கசிவு எல்லாம் போக 25 அடி கிடைத்தால் பெரிது. நீர்மட்டம் இறங்க இறங்க மோட்டாரையும் கிணற்றுக்குள் இறக்கி மேடை கட்டி வைத்ததும், பிறகு நீர்மூழ்கி மோட்டாருக்கு மாறியதும் இதனால்தான்.

தென்னை கீழிருந்து தள்ளுவதை நம்பி இல்லை, மேலிருந்து இழுக்கிறது. ஓலையில் வெயில் பட்டு நீர் ஆவியாகும்போது, இலைச் செல்களின் சுவரில் இருக்கும் கண்ணுக்கே தெரியாத துளைகளில் நீர்ப்பரப்பு குழிகிறது. அவ்வளவு சன்னமான துளையில் குழிந்து நிற்கும் பரப்பு நூற்றுக்கணக்கான மீட்டர் உயரத் தண்ணீரையே தாங்கும். அந்த இழுப்பு, ஓலையிலிருந்து வேர் வரை அறுபடாமல் நிற்கும் நீர்த்தாரையில் கயிறு மாதிரி இறங்குகிறது. தண்ணீரைக் கயிறாகத் திரிக்க முடியுமா என்றால், முடியும். பங்காளி இழுப்பு அவ்வளவு பலம், கூடவே குழாய்ச் சுவரோடு இருக்கும் சம்பந்தி பிடிப்பு அந்தத் தாரை சுவரைவிட்டுப் பிரியாமல் பார்த்துக்கொள்கிறது. டப்ளினில் ஹென்றி டிக்சன், ஜான் ஜோலி என்ற இருவர் 1894ல் இதைச் சொன்னார்கள். கலிபோர்னியாவில் ஹைபீரியன் என்று பெயர் வைத்த ஒரு ரெட்வுட் மரம் 115 மீட்டருக்கு மேல் நிற்கிறது, அதற்கும் இதே வழிதான்.

கயிறு அறுவதும் உண்டு. கடும் வறட்சியில் தாரைக்குள் ஒரு காற்றுக்குமிழி நுழைந்துவிட்டால் அந்தக் குழாய் வேலை செய்யாது. அப்படி அறும்போது உண்டாகும் சிறு ஒலியைக் கருவி வைத்துக் கேட்க முடிகிறது. வேம்பு, புளி போன்ற மரங்கள் வருஷா வருஷம் புதுக் கட்டை வைத்து ஈடுகட்டிக்கொள்ளும். தென்னை அப்படிப் பருப்பதில்லை, இளமையில் உண்டான குழாய்களை வைத்துத்தான் ஆயுள் முழுக்க ஓட்டியாக வேண்டும். வறட்சியில் அதைக் கைவிட்டுவிடாதீர்கள் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

கே: சொந்த வீடு, கட்டிப் பதினைந்து வருஷம். தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குச் சுவரில் ஓதம் ஏறி, பெயின்ட் கொப்பளித்து, வெள்ளையாக உப்பு பூத்து உதிர்கிறது. இரண்டு தடவை வாட்டர் ப்ரூஃப் பெயின்ட் அடித்தாகிவிட்டது. இப்போது நாலடிக்கு ஏறிவிட்டது. (வாசகர், நாகப்பட்டினம்)

ப: அந்தப் பெயின்ட்தான் அதை நாலடிக்கு ஏற்றியது.

செங்கல்லும் சாந்தும் திரி மாதிரிதான், உள்ளே லட்சக்கணக்கான நுண்துளைகள். தண்ணீருக்கும் செங்கல்லுக்கும் சம்பந்தம் பலம், அதனால் அடிமண் ஈரம் மெல்ல ஊர்ந்து ஏறுகிறது. ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆரமுள்ள துளையில் கணக்குப் போட்டால் 15 மீட்டர் வரை ஏறலாம். அப்படி ஏறி மாடி வரை போகாததற்குக் காரணம், வழியிலேயே சுவர்ப்பரப்பில் ஆவியாகிவிடுவது. ஏறுவதும் காய்வதும் சமமாகும் உயரத்தில் கோடு போட்டமாதிரி நிற்கும், பெரும்பாலும் மூன்றடிக்குப் பக்கத்தில். தண்ணீர் போகும், அது கொண்டுவந்த உப்பு போகாது. பூச்சுக்கு அடியில் உப்பு படிகமாகும்போது பெயின்டைத் தள்ளி உடைக்கிறது. கடலோர மண் என்றால் உப்புக்குப் பஞ்சமே இல்லை. நீங்கள் வாட்டர் ப்ரூஃப் பெயின்ட் அடித்ததும் காயும் வாசல் மூடிவிட்டது, ஈரம் வேறு வாசல் தேடி ஓரடி மேலே போயிற்று.

பழைய வீடுகளில் அடிமானத்தில் கருங்கல் வரிசை வைத்திருப்பார்கள், கருங்கல்லில் தண்ணீர் ஏறும் அளவுக்குத் துளை அநேகமாக இல்லை. இப்போது அதே வேலைக்கு டி.பி.சி. போடுகிறார்கள், அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவே நீர் ஏறாத ஒரு அடுக்கு. மேஸ்திரியிடம் கேட்டால் போட்டாச்சு என்றுதான் சொல்வார். வீடு கட்டப்போகிற மற்ற வாசகர்கள் அந்த ஒரு நாள் மட்டும் லீவு போட்டுவிட்டு நேரில் நில்லுங்கள்.

கட்டி முடித்த வீட்டுக்கு இருக்கும் வழி எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது நேராகச் சம்பந்தத்தையே முறிக்கிற வேலை. தரையை ஒட்டிச் சுவரில் வரிசையாகத் துளையிட்டு சிலேன், சிலாக்ஸேன் வகை மருந்தைச் செலுத்துவார்கள். அது துளைகளை அடைப்பதில்லை. துளைச் சுவர்களில் படிந்து அவற்றைத் தண்ணீருக்குப் பிடிக்காதவையாக மாற்றிவிடும். ஒட்ட இடமில்லாவிட்டால் ஏறவும் வழியில்லை. அதற்குமுன் பக்கத்துக் குளியலறைக் குழாய் கசிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள், பாதி வீடுகளில் கதை அங்கேதான் முடியும். மருந்து வைத்தபின் கெட்டுப்போன பூச்சைக் கொத்திவிட்டு, சுவர் பல மாதம் காய விடவேண்டும். மேலே சுண்ணாம்புப் பூச்சு நல்லது, அது மூச்சுவிடும்.

கே: எண்ணெய் தண்ணீரைவிடக் கெட்டி. அப்படியானால் எண்ணெயில்தானே இந்தப் பங்காளி ஈர்ப்பு அதிகம் இருக்கவேண்டும்?

ப: இல்லை. (முன்கூட்டியே இந்தப் பங்காளி பேச்சைக் கேட்டுவிட்டு மடக்கியவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்.) மெதுவாக ஓடுவது பாகுத்தன்மை, அது நீளமான மூலக்கூறுகள் ஒன்றையொன்று தாண்டி நழுவுவதில் உள்ள சிரமம். பங்காளி இழுப்பைக் காட்டுவது, பரப்பைச் சுருக்கி இழுக்கும் பரப்பு இழுவிசை, அது வேறு. தண்ணீருக்கு அது மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன், தேங்காய் எண்ணெய்க்கு அதில் பாதிகூட வராது. அதனால்தான் எண்ணெய் எதன்மீது பட்டாலும் பரவுகிறது, தண்ணீர் தனக்குப் பிடிக்காத பரப்பில் முத்து முத்தாக நிற்கிறது.

கே: சின்ன வயதில் அட்டைத்துண்டின் பின்னால் கற்பூரம் செருகித் தாம்பாளத் தண்ணீரில் படகு விடுவோம். என் பேத்திக்குச் செய்துகாட்டினேன், நகரவே இல்லை. இந்தக் காலத்துக் கற்பூரம் சரியில்லையோ? (ஓய்வுபெற்ற ஆசிரியை, திருநெல்வேலி)

ப: கற்பூரத்தைக் குற்றம் சொல்லாதீர்கள், அம்மா. தாம்பாளத்தை எதில் கழுவினீர்கள்?

கற்பூரம் தண்ணீர்மேல் மெல்லிய படலமாகப் பரவுகிறது, அது பரவிய இடத்தில் பரப்பு இழுவிசை குறைந்துவிடும். படகுக்கு முன்னால் உள்ள தண்ணீர் பலமாக இழுக்கிறது, பின்னால் உள்ளது தளர்ந்துவிட்டது, படகு முன்னே போகிறது. பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் ஒட்டியிருந்தால் போதும், தண்ணீர் எல்லாப் பக்கமும் ஏற்கெனவே தளர்ந்துபோயிருக்கும். விரலில் தலைக்கெண்ணெய் இருந்தாலும் அதே கதி. உங்கள் காலத்தில் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தீர்கள், படகு ஓடிற்று. தாம்பாளத்தை நாலைந்து தடவை வெறும் தண்ணீரில் அலசிவிட்டு மறுபடி விடுங்கள். கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிட்டால் தண்ணீரை மாற்றுங்கள், தாம்பாளம் முழுக்கக் கற்பூரம் பரவிவிட்டது என்று பொருள். அதேபோல் காட்டாமணக்கு இலைக்காம்பை ஒடித்து அந்தப் பாலில் குமிழி ஊதியதும் நினைவிருக்கும், அங்கே நுரைப்பது சப்போனின், சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் இருப்பது. பேத்திக்குக் காட்டினால் பால் வாயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நஞ்சு.

பாத்திரம் கழுவுவது என்றதும் ஆக்னஸ் பாக்கல்ஸைச் சொல்லாமல் விட மனமில்லை. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் நோயாளிப் பெற்றோரைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்தவர். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்காத காலம். சமையலறைத் தொட்டித் தண்ணீரில் எண்ணெய்ப்பிசுக்கும் சோப்பும் பரப்பை எப்படி மாற்றுகின்றன என்று கவனித்து, ஒரு தகரத் தொட்டி, அதன் குறுக்கே நகர்த்தக்கூடிய ஒரு தகரப் பட்டை, ஒரு சிறு தராசில் தொங்கும் பொத்தான் ஆகியவற்றை வைத்துப் பரப்பு இழுவிசையை அளந்துகொண்டிருந்தார், கிட்டத்தட்ட பத்து வருஷம், யாருக்கும் தெரியாமல். 1891ல் இங்கிலாந்தின் இயற்பியல் அறிஞர் ராலே பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். ராலே பெரிய மனிதர், அதைவிடப் பெரிய மனசு, கடிதத்தை மொழிபெயர்க்கச் செய்து 'நேச்சர்' இதழுக்கு அனுப்ப, அந்த ஆண்டே அச்சில் வந்தது. அப்போது ஆக்னஸுக்கு வயது 29.

கே: புதுத் துண்டு ஏன் ஈரத்தை இழுப்பதில்லை? (பல வாசகர்கள்)

ப: கடையில் தொட்டவுடன் மெத்தென்று இருக்கவேண்டும் என்பதற்காக மென்மையூட்டும் பூச்சு கொடுத்திருப்பார்கள். அது கொழுப்பு, சிலிக்கோன் வகை, தண்ணீருக்கு ஆகாது. வெந்நீரில் சோப்புப் போட்டு இரண்டு தடவை அலசினால் வழிக்கு வரும். வீட்டிலும் துண்டுக்கு மட்டும் மென்மையூட்டும் திரவம் போடாதீர்கள். நான் இன்னும் ஈரிழைத் துண்டுக் கட்சி.

செடியிலிருந்து பறித்த பஞ்சுகூட அப்படியே தண்ணீர் குடிக்காது, இயற்கையாக மெழுகு இருக்கிறது. மருந்துக்கடைப் பஞ்சு அதை நீக்கியது. விளக்குத் திரிக்கு அந்த மெழுகு தடையே இல்லை, எண்ணெய்க்கு மெழுகு நெருங்கிய உறவு. இலவம்பஞ்சு இன்னும் ஒரு படி மேல், தண்ணீரைக் கிட்டவே சேர்க்காது, எண்ணெயை மட்டும் உறிஞ்சும். ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காப்பு அங்கிக்குள் அதைத்தான் அடைத்தார்கள்.

கே: தெர்மாமீட்டர் உடைந்து பாதரசம் தரையில் முத்துகளாக ஓடுகிறது, எதிலும் ஒட்டவில்லை. ஏன்?

ப: அதன் பரப்பு இழுவிசை தண்ணீரைப்போல ஆறு மடங்குக்கும் மேல், கண்ணாடியோ தரையோ அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் தங்கத்தைக் கண்டால் ஒட்டிக் கலந்துவிடும், மோதிரத்தை முதலில் கழற்றுங்கள். விளக்குமாறு, வேக்குவம் கிளீனர் இரண்டும் கூடாது. ஜன்னலைத் திறந்துவிட்டு, குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு, கையுறையோடு கெட்டி அட்டையால் ஒன்றுசேர்த்து மூடியுள்ள பாட்டிலில் எடுங்கள்.

கே: எடையே இல்லாத விண்வெளியில் தண்ணீர் என்ன செய்யும்? (பத்தாம் வகுப்பு மாணவி, மதுரை)

ப: இங்கே எடை என்கிற பெரியவர் முன்னால் அடங்கிக் கிடக்கும் இந்த இரண்டு இழுப்பும் அங்கே அவர் இல்லாததால் முழு ஆட்டம் ஆடும். 2013ல் கிறிஸ் ஹாட்ஃபீல்ட் என்ற கனடா விண்வெளி வீரர், பள்ளி மாணவிகள் இருவர் சொன்ன யோசனைப்படி, ஈரத் துண்டைப் பிழிந்து காட்டினார். தண்ணீர் சொட்டவே இல்லை. துண்டைச் சுற்றிக் கண்ணாடிக் குழாய் மாதிரி ஒட்டிக்கொண்டு, அப்படியே அவர் கைக்கும் ஊர்ந்து ஏறியது.

அங்கே டம்ளரைச் சாய்த்தால் எதுவும் விழாது, அதனால் பையில் ஸ்ட்ரா போட்டுத்தான் குடிப்பார்கள். டான் பெட்டிட் என்ற அமெரிக்கருக்கு அது அலுத்துப்போய், 2008ல் விண்வெளி நிலையத்தில் இருந்தபோது ஒரு பிளாஸ்டிக் தாளை ஒரு பக்கம் கூர்மையாக மடித்து, மேலிருந்து பார்த்தால் நீர்த்துளி வடிவில் தெரிகிற ஒரு கோப்பை செய்தார். காபி அந்தக் கூர்மடிப்பின் வழியே ஊர்ந்து உதட்டருகே வந்து நின்றது. உறிஞ்சினால் அடுத்த மடக்கு தானாக வந்தது. ஆற்றிக் குடிக்கத்தான் முடியாது.